சதுரம் வெள்ளையாக இருந்தது

ஏப்ரல் 21, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தது. இரண்டு வருடம் பழையது, கிழமைகள் பொருந்தாது. அச்சிட்ட கிழமையை அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதிக்கொள்கிறேன். என்னைப் போன்றவள் டைரி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பதினாறு நாள் யாரோடும் பேசவில்லை. எழுதவாவது வருகிறதா என்று பார்க்கலாம்.

அப்பாவின் காரியம் சனிக்கிழமை முடிந்தது. இன்று பணிக்குத் திரும்பினேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்திதான். மாத்திரை கொடுப்பதோடு, தடுப்பூசிக் குப்பிகளைக் குளிரில் காத்து வைப்பதும் என் பொறுப்பு. காலையும் மாலையும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.

காலை 4 டிகிரி. மாலை 5 டிகிரி.

ஒவ்வொரு குப்பியின் லேபிளிலும் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் வெளிறிய சதுரம். சூடு படப்படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்து ஆகாது. மறுபடி குளிரில் வைத்தாலும் நிறம் திரும்பாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான். யாரும் கேட்காமலே அது சொல்லிவிடும்.

ஏப்ரல் 23, புதன்

புதன்கிழமை ஊர்களுக்குப் போய் ஊசி போடும் நாள். கிராம சுகாதார செவிலியர் சந்தானமேரி அக்கா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை எட்டரைக்குப் போனார், நாலு மணிக்குத் திரும்பினார். போலியோ சொட்டு மருந்துக் குப்பி இரண்டில் சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகியிருந்தன. எது சதுரம், எது வட்டம் என்று தெரியவில்லை.

"பஸ் வரல பாவை. ஒரு மணி நேரம் ரோட்லயே நின்னேன். பொட்டி மூடியும் சரியா மூடல போல."

டாக்டர் மேடத்திடம் காட்டினேன். "எழுதிட்டுத் தூக்கிப் போடுங்க. வெயில் அப்படி, யார் என்ன பண்றது" என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்களும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. இரண்டு குப்பிகளையும் சிவப்புப் பையில் போட்டேன். பிறகு எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

துணி துவைத்தேன். அப்பாவின் சட்டைகள் மூன்றையும் துவைத்தேன், ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அம்மா திங்கள்கிழமையிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகிறது.

"வெயில்ல எதுக்கும்மா?"

"வீட்ல உக்காந்தா மட்டும் என்ன பாப்பா, இங்கயும் அதே வெயில்தான்."

மேஸ்திரி வந்திருந்தார். அப்பா இவரிடம்தான் தார் ரோடு வேலைக்குப் போனார். ஏற்கெனவே சொன்னதை மறுபடியும் சொன்னார். "நல்லாத்தான் இருந்தாரும்மா. ரெண்டு மணி வாக்குல என்னமோ ஒளற ஆரம்பிச்சாரு. வேப்ப மரத்தடியில படுக்க வச்சோம். மொகமெல்லாம் செவந்துபோச்சு. தொட்டா கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வ இல்ல."

அப்பா நல்ல கறுப்பு. சிவந்ததை எப்படிக் கண்டார் என்று நான் கேட்கவில்லை. காபி கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்றார். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாளைக்குப் பெட்டி தயார் செய்ய வேண்டும். முறை இதுதான்: உறைந்த ஐஸ் பேக்குகளைக் காலையில் வெளியே எடுத்து மேஜையில் பரப்பி வைக்க வேண்டும். அவை வியர்க்கும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது.

இன்று அரியலூரில் 41 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். இந்த வெயிலில் ஐஸை வேறு உருக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏப்ரல் 30, புதன்

ஐஸ் பேக்குகளை ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் அப்படியே பெட்டிக்குள் வைத்தேன், கல் மாதிரி.

மாலை எல்லாக் குப்பிகளும் திரும்பி வந்தன. எல்லாச் சதுரமும் வெள்ளையாகவே இருந்தது. காலை 4. மாலை 4.

மே 3, சனி

சுகாதார நிலையத்து மதில்மேல் ஓர் ஓணான் இருக்கிறது. காலையில் நான் வரும்போது கிட்டத்தட்டக் கறுப்பு. வெயில் ஏற ஏற வெளுத்து, பதினொரு மணிக்குக் காய்ந்த புல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. குளிரில் கறுப்பு, சூட்டில் வெளுப்பு. லேபிளுக்கு நேர்மாறு. கல்லூரியில் ஓர் உப்பைச் சூடாக்கிக் காட்டினார்கள். ரோஜா நிறத்திலிருந்து நீலமாகும், தண்ணீர் ஊற்றினால் மறுபடி ரோஜா. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் கடைசி வரிசையில் இருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை, பார்த்ததாக ரெக்கார்டில் எழுதினேன்.

இன்று மாத்திரை இருப்பு எண்ணினேன். காய்ச்சல் மாத்திரை குறைவு.

மே 7, புதன்

இன்றும் அப்படியே வைத்தேன். இன்று ஊசி போடப் போன ஊர் ஓலைக்குடிக்காடு.

மாலை சந்தானமேரி அக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விரல்களை உதறினார். "என்னடி இது, குப்பிய எடுத்தா கை மரத்துப்போவுது. பொட்டியே வேணாம், இனிமே உன்னையே கூட்டிட்டுப் போயிடறேன். நீயும் அப்படித்தான் சில்லுன்னு நிக்கிற."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சதுரம் எல்லாம் வெள்ளை. அக்காவே பார்த்துச் சொன்னார்: "புதுக் குப்பியே தோத்துடும் போ."

மே 8, வியாழன்

நேற்றுத் திரும்பி வந்த, கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசிக் குப்பிகளை அடுக்கும்போது ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் மாதிரி ஒரே சீராகக் கலங்கியிருக்க வேண்டும். இதில் அடியில் துகள் துகளாக இருந்தது, திரிந்த பால் போல.

ஒருவேளை என் கண்ணின் பிழையாக இருக்கலாம். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதே தொகுதியில் நல்ல குப்பி ஒன்றை எடுத்து வேண்டுமென்றே உறைய வைக்க வேண்டும். பிறகு உருக விட்டு, சந்தேகக் குப்பியையும் அதையும் ஒன்றாகக் குலுக்கி மேஜைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். உறைந்த மருந்தில் துகள் வேகமாக இறங்கும், நல்ல மருந்தில் மெதுவாக.

ஒரு குப்பியில் 'சோதனைக்கு' என்று எழுதி ஃபிரீசரில் வைத்தேன். காலை 4. மாலை 5.

மே 9, வெள்ளி

குலுக்கி வைத்தேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டிலும் அடியில் வெள்ளையாகத் தங்கிவிட்டது. மேலே தெளிந்த தண்ணீர். எது நான் வேண்டுமென்று உறைய வைத்தது என்று எழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அன்று திரும்பி வந்த மற்ற நான்கு குப்பிகளையும் பார்த்தேன். அவையும் அப்படித்தான். போன வாரம் போய் வந்ததும் அப்படித்தான்.

லேபிள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் குளிர்பெட்டியில் இவ்வளவு வெளுப்பான சதுரம் எந்தக் குப்பியிலும் இல்லை. அது சூட்டைத்தான் காட்டும். குளிர் பட்டுக் கெட்டால் அதில் ஒன்றும் தெரியாது. இதைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதியிருக்கிறேன்.

குப்பிகளைத் தனிப் பையில் கட்டி வைத்தேன். இரண்டு புதன், இரண்டு ஊர், பதினான்கு குழந்தைகள். எல்லோருக்கும் தொடையில் தண்ணீர்தான் போயிருக்கிறது.

மே 10, சனி

சொல்லவில்லை. டாக்டர் மேடம் விடுப்பு.

மே 11, ஞாயிறு

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை. அம்மாவுக்கு உச்சந்தலையில் எண்ணெய் வைத்தேன்.

மே 12, திங்கள்

மேடம் வந்திருந்தார். நான் கதவுவரை இரண்டு முறை போனேன். உள்ளே நோயாளி இருந்தார். பிறகு இல்லை.

காலை 5. மாலை 5.

ஏப்ரல் நாலாம் தேதி காலை அப்பாவிடம் சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கொடுத்தேன். விரல் பட்டது. சூடாக இருந்தது. காய்ச்சலா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சைக்கிளில் காலை வைத்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

ஐஸ் பேக்குகளுக்காக நாளை அரை மணி முன்னதாக வர வேண்டும்.

மே 14, புதன்

ஐஸ் பேக்குகளை வியர்க்க விட்டேன். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்து வைத்தேன். பெட்டியைத் தூக்கும்போது சந்தானமேரி அக்கா ஒரு செய்தி சொன்னார்.

"பக்கத்து வட்டாரத்துல ஒரு கொழந்தைக்குக் கக்குவான் இருமலாம். மூணு மாசக் கொழந்தை. இருமி இருமி நீலம் பாரிச்சுப்போச்சாம். தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்காங்க. நல்ல வேள, நம்ம பக்கம் எல்லாத்துக்கும் போட்டாச்சு."

"அக்கா" என்றேன்.

"சொல்லு."

"மூடி சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

மே 15, வியாழன்

சொல்லிவிட்டேன். எழுதி எடுத்துக்கொண்டு போனேன், தாளைக் கையில் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐஸ் பேக்கை ஏன் அப்படியே வச்சீங்க? தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

நான் தாளையே பார்த்தேன். "சரி. யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லியிருக்கீங்க, அதையும் எழுதறேன். ஆனா மெமோ வரும், பதில் எழுதணும்" என்றார். மாவட்ட அலுவலகத்துக்குப் பேசினார். பதினான்கு பேருக்கும் மறுபடி போட வேண்டும், சீக்கிரமே போடலாம், கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை என்றார்கள்.

சந்தானமேரி அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசி போட்டது அவர் கை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு கொழந்தையையும் அழ வச்சேனே பாவை, சும்மாவா?"

மே 17, சனி

இரண்டு ஊருக்கும் வீடு வீடாகப் போகிறோம். அக்கா பேசுவார், நான் பெட்டியோடு நிற்பேன். என்ன சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். உள்ளதைச் சொன்னால் ஊரே ஊசிக்கு வராமல் போய்விடும் என்று அக்கா பயந்தார். அதனால், "கவர்மெண்ட்ல இருந்து கூடுதலா ஒண்ணு குடுத்திருக்காங்க, இருமல் வராம இருக்க." மேடம் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று ஆறு பேர்.

மே 19, திங்கள்

நான்கு பேர். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். காலை 4. மாலை 5.

மே 21, புதன்

மூன்று பேர். ஆக மொத்தம் பதின்மூன்று.

பதினான்காவது ஓலைக்குடிக்காட்டில் நிரோஷாவின் குழந்தை. பெண் குழந்தை, மூன்று மாதம். தடுப்பூசி அட்டையில் இன்னும் பெயர் இல்லை, 'நிரோஷாவின் குழந்தை' என்றுதான் இருக்கிறது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அதான் போட்டாச்சே, மறுபடி எதுக்கு?"

"கவர்மெண்ட்ல கூடுதலா குடுக்கறாங்கம்மா."

"கூடுதலா குடுக்க இது என்ன ரேஷன் சக்கரையா? போன தடவ போட்டு ரெண்டு நாள் காய்ச்சல். இன்னும் தொடையில கட்டி அப்படியே இருக்கு. புள்ளைய வச்சு என்னமோ பண்றீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

அக்கா விடாமல் பேசினார், நீலம் பாரித்த குழந்தையைப் பற்றியும் சொன்னார். நிரோஷா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இவங்க யாரு, வந்ததுலேருந்து வாயே தொறக்கல?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

உறைந்த மருந்து போட்ட இடத்தில் கட்டி வரலாம். அது எனக்குத் தெரியும்.

மே 22, வியாழன்

மெமோ வந்தது. 'ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்று கேட்டிருந்தார்கள். 'குப்பிகள் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக' என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

மே 24, சனி

சந்தானமேரி அக்கா தனியாக இன்னொரு முறை ஓலைக்குடிக்காடு போய் வந்தார். நிரோஷா கதவைத் திறக்கவில்லை. 'வேண்டாம் என்றார்' என்று எழுதி முடித்துவிடலாம், அதற்கு ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் இருக்கிறது என்றார். "பதினாலுல பதிமூணு. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

தஞ்சாவூருக்குக் கொண்டு போன குழந்தை பிழைத்துவிட்டதாம். இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறதாம்.

மே 25, ஞாயிறு

ஓலைக்குடிக்காட்டுக்கு நான் மட்டும், பெட்டி எடுத்துக்கொள்ளாமல் போனேன். பன்னிரண்டு மணி பஸ்தான் கிடைத்தது. நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர், நிழல் இல்லை. குடையை மறந்திருந்தேன்.

நிரோஷா கதவைப் பாதி திறந்தாள். "நீங்களா? அந்த அக்கா வரலையா?"

"வரல. அவங்க சொன்னது உண்மையில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எங்கிருந்து பேச்சு வந்தது என்று தெரியவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பேக், வியர்க்க விடாதது, திரிந்த பால், பதினான்கு பேர். தொடையில் கட்டி எதனால் என்பதையும். கடைசியில் கேட்டாள்:

"அந்த அக்கா போன தடவ ஸ்டிக்கரெல்லாம் காட்டினாங்களே, வெள்ளையா இருக்கு பாரு, நல்ல மருந்துன்னு?"

"சூடு பட்டாத்தான் அது மாறும். குளிர் பட்டா தெரியாது."

"அப்ப வேற யாருக்குத் தெரியும்?"

"நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாது."

"வேணும்னே பண்ணியா?"

"இல்ல."

"பின்ன ஏன்? படிச்ச புள்ளதானே நீ?"

மெமோவுக்கு எழுதியதைச் சொல்ல நினைத்தேன். "எங்க அப்பா ரோட்டு வேலைக்குப் போனாரு. ஏப்ரல்ல. வெயில்ல" என்றேன். அவளுக்கு அது பதிலாகவே இருந்திருக்காது.

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "மொதல்ல இதக் குடி. மூஞ்சியப் பாரு, எப்படிச் செவந்துகெடக்கு. ஒரு கொடை எடுத்துக்கிட்டு வரக் கூடாது?"

குடித்தேன். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். ஊசி போட வருவதாக அவள் சொல்லவில்லை. "என் புள்ளையக் கெடுக்க இருந்தியே" என்று இரண்டு முறை சொன்னாள், இரண்டாவது முறை சத்தம் குறைவாக. நான் புதன்கிழமை தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 26, திங்கள்

காலை 4. மாலை 5. அம்மாவிடம் அப்பாவின் கை சூடாக இருந்ததைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தது. "எனக்கும் தெரியும் பாப்பா. போவாதன்னு சொன்னேன். கேட்டாரா?" என்றது. களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டது.

மே 28, புதன்

மாலை வெகுநேரம் எழுத உட்காராமல் இருந்தேன்.

இந்தத் தடவை ஓலைக்குடிக்காடு அங்கன்வாடிக்கு நானும் போனேன். பன்னிரண்டரைவரை நிரோஷா வரவில்லை. அக்கா கட்டத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார். நான் இன்னும் பத்து நிமிடம் என்றேன். மறுபடி பத்து நிமிடம் என்றேன். "பஸ் போயிடும்டி" என்றார், ஆனால் பேனாவை மூடிவிட்டார்.

ஒரு மணிக்குக் குழந்தையைத் துண்டால் போர்த்திக்கொண்டு வந்தாள். வந்ததும் அக்காவிடம் பேசவில்லை. என்னிடம் கையை நீட்டினாள். "குப்பியக் குடு. ஆட்டிப் பாக்கணும்."

கொடுத்தேன். குலுக்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பால் பாலாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கன்வாடி டீச்சர், "இப்ப என்ன, பேய் கீய் வருமா அதுலேருந்து?" என்று கேட்டார்.

"இறங்கல" என்றாள் நிரோஷா.

"இறங்காது" என்றேன்.

அவளே மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தொடையைக் காட்டினாள். சந்தானமேரி அக்கா ஊசி போட்டார். குழந்தை ஒரு கணம் மூச்சை அடக்கி, முகமெல்லாம் சிவந்து, பிறகு வீறிட்டது. அட்டையில் எழுத அக்கா பெயர் கேட்டார். "மகிழ்விழி" என்றாள். "நேத்துதான் வச்சோம். அவரு போன்ல சொன்னாரு."

ஊசி போட்டால் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். நிரோஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை போலிருந்தாள். குழந்தை தேம்பிக்கொண்டே இருந்தது. அக்கா பெட்டியை அடுக்கினார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. குப்பிகளை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏப்ரல் நாலாம் தேதிக்குப் பிறகு நான் யாரையும் தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்ததைத் தவிர. அதையும் விரல் நுனியால்தான் வைத்தேன்.

"நிரோஷா" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அரை மணி நேரம் ஆகற வரைக்கும், பாப்பாவ நான் கொஞ்சம் வச்சுக்கட்டுமா?"